நிறுவையும் அணுவும்: மூல் கணித்தலிலிருந்து அணு மாதிரிகள் வரை

அறிமுகம்

இரசாயனவியலின் அடிப்படைக் கருத்துகளுள் மாணவர் மிகுதியாகத் தடுமாறுபவை இரண்டு. ஒன்று மூல் கணித்தல்; மற்றையது அணுவின் கட்டமைப்பு. முன்னது நிறுவைகளும் விகிதங்களும் நிரம்பிய கணக்காகவும், பின்னது கண்ணுக்குப் புலப்படாத ஒரு பொருளின் படங்களாகவும் அவர்களுக்குத் தோன்றுகின்றன. இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பாடத்திட்டத்தில் அணுக்கட்டமைப்பு முதலாம் அலகாகவும் இரசாயனக் கணித்தல்கள் மூன்றாம் அலகாகவும் அமைந்திருப்பதால், இவை ஒன்றோடொன்று உறவில்லாத இரு பாடங்கள் என்ற எண்ணம் பலரிடம் நிலைத்துவிடுகின்றது. வரலாறு இதற்கு நேர்மாறான வரிசையைக் காட்டுகின்றது. நிறுவைக் கணக்கு முதலில் வந்தது. அக்கணக்கு சரியாக அமைய வேண்டுமாயின் அணுக்கள் இருந்தாக வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. அணுவின் உள்ளமைப்புப் பற்றிய வினா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே எழுந்தது. காணமுடியாதவற்றை எவ்வாறு எண்ணுவது என்ற ஒரே வினாவுக்குக் கிடைத்த விடையின் இரு பகுதிகளாகவே இவ்விரு பாடங்களையும் கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்தை ஆராய்வதற்கு அம்பாறைக் கரையோரம் பொருத்தமான களமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் ஊர்களுக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவும், மேற்கே 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீரால் விளையும் நெல்வயல்களும் அமைந்துள்ளன. கல்முனை சாஹிராக் கல்லூரி, மஹ்மூத் மகளிர் கல்லூரி முதலிய பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்படுகின்றது. 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகின்றது. வயலுக்கு இடும் பசளை, கிணற்றில் அள்ளும் நீர், தறியில் ஏறும் சாயநூல் ஆகிய மூன்றும் இங்கு வீட்டுக்கு வீடு அறிந்த பொருள்கள். மூல் கணித்தலின் எல்லா வகைகளையும் இம்மூன்றினுள் காணலாம்.

நிறுவையின் விதிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரசாயனவியல் தராசின் துணையோடு புதிய வடிவம் பெற்றது. பிரான்சைச் சேர்ந்த லவோசியே, மூடிய கலங்களில் தாக்கங்களை நிகழ்த்தி, தாக்கத்துக்கு முன்னும் பின்னும் மொத்தத் திணிவு மாறுவதில்லை என்பதை நிறுவி, 1789இல் வெளியிட்ட தமது நூலில் அதனை முறைப்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில் புறூஸ்ட், ஒரு சேர்வை எங்கிருந்து பெறப்பட்டாலும் அதிலுள்ள மூலகங்களின் திணிவு விகிதம் மாறாதிருக்கும் என்னும் மாறா விகிதசம விதியை எடுத்துரைத்தார். கடல்நீரை வற்றவைத்துப் பெற்ற உப்பாயினும் ஆய்கூடத்தில் தயாரித்த உப்பாயினும், தூய சோடியங் குளோரைட்டின் 100 கிராமில் ஏறத்தாழ 39.3 கிராம் சோடியமும் 60.7 கிராம் குளோரீனும் அடங்கியிருக்கும் என்பது இவ்விதியின் பொருள்.

திணிவுகள் ஏன் இவ்வாறு குறித்த விகிதங்களில் மட்டும் சேரவேண்டும் என்ற வினாவுக்கு ஜோன் தாற்றன் விடை தந்தார். ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய திணிவுடைய, பிளக்கமுடியாத அணுக்களால் ஆனது என்றும், சேர்வை உருவாகும்போது அவ்வணுக்கள் சிறிய முழுவெண் விகிதத்தில் இணைகின்றன என்றும் அவர் கொண்டார். 1803இல் அவர் தொகுத்த அணுநிறை அட்டவணையும், 1808இல் வெளிவரத் தொடங்கிய நூலும் நவீன அணுக் கொள்கையின் தொடக்கமாகும். ஆயினும் அவரது முறையில் ஒரு பெரும் இடைவெளி இருந்தது. நீரில் ஐதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள திணிவு விகிதம் 1:8 என்பதைத் தராசு கூறும். ஆனால் ஒரு நீர்த் துணிக்கையில் எத்தனை ஐதரசன் அணுக்கள் உள்ளன என்பதைத் தராசு கூறாது. தாற்றன் மிக எளிய வாய்ப்பைத் தேர்ந்து, ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்ததே நீர் என்று கொண்டதால், ஒட்சிசனின் சார் அணுத்திணிவு இன்றைய பெறுமானமாகிய 16இன் பாதியளவிலேயே நின்றது. அணுக்களின் எண்ணிக்கை தெரியாமல் அணுத்திணிவு தெரியாது. அணுத்திணிவு தெரியாமல் எண்ணிக்கையும் தெரியாது. இரசாயனவியல் அரை நூற்றாண்டு காலம் இந்தச் சிக்கலிலேயே நின்றது.

சிக்கலை அவிழ்க்கும் திறவுகோல் வாயுக்களிடம் இருந்தது. ஈர்கனவளவு ஐதரசன் ஒரு கனவளவு ஒட்சிசனுடன் சேர்ந்து ஈர்கனவளவு நீராவியைத் தருகின்றது என்பது போன்ற எளிய கனவளவு விகிதங்களை 1808இல் கேலுசாக் அறிவித்தார். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்கள் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்றும், ஒட்சிசன் போன்ற மூலக வாயுக்களின் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆனது எனக் கொள்ளலாம் என்றும் 1811இல் அவகாதரோ முன்மொழிந்தார். அக்கருதுகோள் நீண்டகாலம் பெரிதும் பொருட்படுத்தப்படாமற் கிடந்தது. 1860 செப்டெம்பரில் ஜேர்மனியின் காள்சுறூவே நகரில் இரசாயனவியலாளர் கூடிய மாநாட்டில், கனிசாரோ தமது 1858ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூலம் அதனை மீண்டும் முன்வைத்து, வாயு அடர்த்திகளிலிருந்து அணுத்திணிவுகளை முரணின்றிப் பெறும் வழியைக் காட்டினார். அம்மாநாட்டில் கலந்துகொண்ட மெண்டலீவ் 1869இல் ஆவர்த்தன அட்டவணையை அமைத்தமைக்கு, நம்பத்தக்க அணுத்திணிவுகள் அவர் கையிலிருந்ததே அடிப்படையாகும்.

மூல் என்னும் அலகு

ஒரு மூல் என்பது குறித்த எண்ணிக்கையான துணிக்கைகளைக் கொண்ட பதார்த்த அளவாகும். காபன்-12 சமதானியின் 12 கிராமில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துணிக்கைகள் என்பது 1971இல் சர்வதேச அலகு முறையில் மூல் சேர்க்கப்பட்டபோது வழங்கிய வரைவிலக்கணம். 2019 மே 20ஆம் திகதி முதல், 6.02214076 × 10²³ துணிக்கைகளைக் கொண்ட அளவே ஒரு மூல் என எண்ணிக்கையைக் கொண்டே நேரடியாக வரையறுக்கப்படுகின்றது. இவ்வெண்ணைப் பெறுமானமாகக் கொண்ட அவகாதரோ மாறிலி, தராசில் நிறுக்கும் கிராமையும் தனித்தனி அணுக்களின் எண்ணிக்கையையும் இணைக்கின்றது. ஒரு மூலின் திணிவு மூலர்த் திணிவு எனப்படும். ஒரு மாதிரியின் திணிவை மூலர்த் திணிவால் வகுத்தால் மூல் எண்ணிக்கை கிடைக்கும். பாடநூலில் உள்ள கணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தொடர்பிலிருந்து கிளைத்தவையே.

அம்பாறை வயல்களில் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் இடப்படும் யூரியாவைக் கொண்டு இதனை விளக்கலாம். யூரியாவின் ஒரு மூலக்கூறில் ஒரு காபன், ஓர் ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன் அணுக்கள் உள்ளன. ஆகவே அதன் மூலர்த் திணிவு 12 + 16 + 28 + 4 எனக் கூட்ட 60 கிராம் ஆகும். 50 கிலோகிராம் யூரியாவில் ஏறத்தாழ 833 மூல் யூரியாவும், மூலக்கூறுக்கு இரண்டு வீதம் 1,667 மூல் நைதரசன் அணுக்களும் உள்ளன. அவற்றின் திணிவு 23.3 கிலோகிராம். யூரியாவின் நைதரசன் அளவு 46 சதவீதம் எனக் குறிக்கப்படுவதன் காரணம் இதுவே.

இக்கணக்கு தேர்வுத் தாளோடு முடிவதன்று என்பதை 2021ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்படும்வரை, மாற்றுப் பசளைகள் பற்றிப் பல கூற்றுகள் முன்வைக்கப்பட்டன. நைதரசன் 2 சதவீதமுள்ள சேதனப் பசளை ஒன்றைக் கொண்டு 50 கிலோகிராம் யூரியாவிலுள்ள 23 கிலோகிராம் நைதரசனை வழங்கவேண்டுமாயின், 1,150 கிலோகிராம் சேதனப் பசளையை வயலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அக்காலத்தில் இறக்குமதி செய்யப்பட்ட நனோ நைதரசன் திரவத்தின் 500 மில்லிலீற்றர் போத்தலில், லீற்றருக்கு 40 கிராம் என்ற செறிவின்படி 20 கிராம் நைதரசன், அதாவது 1.43 மூல் மட்டுமே உண்டு. இலைவழி உறிஞ்சலின் வினைத்திறன் கூடியது என்ற கூற்றை வயற் பரிசோதனையே சோதிக்க வேண்டும், ஆயினும் 1.43 மூல் 1,667 மூலின் இடத்தை நிரப்புமெனின் அதற்கு எத்துணை வலிய சான்று வேண்டும் என்பதை மூல் கணித்தல் அறிந்த எவரும் உடனே காணமுடியும். பசளைக்குக் காத்திருந்த விவசாயிக்கு இந்த அறிவு உணவோடும் வருமானத்தோடும் தொடர்புடைய உரிமையாகும்.

கரைசலும் கிணற்று நீரும்

கரைசல்களில் மூல் எண்ணிக்கை செறிவின் வழியாக அளக்கப்படுகின்றது. ஒரு கன தெசிமீற்றர் கரைசலில் கரைந்துள்ள மூல்களின் எண்ணிக்கை செறிவு எனப்படும். செறிவைக் கனவளவால் பெருக்கினால் மூல் எண்ணிக்கை கிடைக்கும். செறிவு தெரிந்த கரைசலை அளவியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்து, தாக்கம் முற்றுப்பெறும் புள்ளியைக் காட்டியின் நிறமாற்றத்தால் அறிவது நியமிப்பு ஆகும்.

அம்பாறைக் கரையோரத்தின் மணற்பாங்கான நிலத்தில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கியிருக்கின்றது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியபோது, குடிநீரின் உவர்த்தன்மை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் துயரமாயிற்று. கிணற்று நீரிலுள்ள குளோரைட்டை அளப்பதற்கு வெள்ளி நைத்திரேற்றுக் கொண்டு செய்யும் நியமிப்பு மோர் முறை எனப்படும். வெள்ளி அயன் ஒன்றும் குளோரைட்டு அயன் ஒன்றும் சேர்ந்து வெண்ணிற வீழ்படிவைத் தரும். குளோரைட்டு முற்றாகத் தீர்ந்ததும் மேலதிக வெள்ளி, காட்டியாக இட்ட பொற்றாசியங் குரோமேற்றுடன் செந்நிற வீழ்படிவைத் தந்து முடிவுப்புள்ளியை அறிவிக்கும். உதாரணமாக, 50.0 கன சென்ரிமீற்றர் கிணற்று நீருக்கு, கன தெசிமீற்றருக்கு 0.0200 மூல் செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்று 18.0 கன சென்ரிமீற்றர் தேவைப்பட்டதாகக் கொள்வோமாயின், சேர்க்கப்பட்ட வெள்ளி 3.60 × 10⁻⁴ மூல். குளோரைட்டும் அதே அளவு. ஆகவே நீரின் குளோரைட்டுச் செறிவு கன தெசிமீற்றருக்கு 7.2 × 10⁻³ மூல், அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 255 மில்லிகிராம் ஆகும். உவர்ச்சுவை நாவிற்குத் தெரியத் தொடங்கும் அளவு ஏறத்தாழ 250 மில்லிகிராம். கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் இருப்பதால், நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 பங்கு கடல்நீர் கலந்தாலே நன்னீர்க் கிணறு அந்த எல்லையை எட்டிவிடும் என்பது இதே கணக்கின் தொடர்ச்சி.

நைத்திரேற்றுப் பற்றிய கணக்கு இதனினும் சிந்திக்கத்தக்கது. ஒரு கிலோகிராம் யூரியா 16.7 மூல், அதன் நைதரசன் முழுவதும் மண்ணின் நுண்ணங்கிகளால் நைத்திரேற்றாக மாறின் 33.3 மூல் நைத்திரேற்றுத் தோன்றும். நைத்திரேற்று அயனின் மூலர்த் திணிவு 62 கிராம் ஆதலால் அதன் திணிவு 2.07 கிலோகிராம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்த எல்லை குறிப்பாகப் புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளின் நலன் கருதி வகுக்கப்பட்டது. 2.07 கிலோகிராம் நைத்திரேற்று, நைத்திரேற்றே அற்ற 41,000 லீற்றருக்கு மேற்பட்ட நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. நடைமுறையில் பெரும்பகுதியைப் பயிர் உறிஞ்சும். ஒரு பகுதி அமோனியாவாகவும் நைதரசன் வாயுவாகவும் காற்றிற் சேரும். எனினும் எஞ்சுவது நிலத்தடி நீரைச் சேருமாதலால், பசளையை வேண்டிய அளவு வேண்டிய வேளையில் இடுவது வயலுக்கு மட்டுமன்றிக் கிணற்றுக்கும் செய்யும் காப்பு ஆகும்.

சாயத்தொட்டியில் எல்லைப்படுத்தும் தாக்கி

தாக்கிகள் இரண்டு தேவையான விகிதத்தில் இல்லாதபோது, முதலில் தீர்ந்துபோவது எல்லைப்படுத்தும் தாக்கி எனப்படும். விளைபொருளின் அளவை அதுவே நிர்ணயிக்கும். மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். பருத்தி நூலுக்கு ஏற்ற சாய வகைகளுள் ஒன்றாகிய தொட்டிச் சாயம் இக்கருத்தை நன்கு விளக்கும். அவுரி நீலம் இவ்வகையைச் சேர்ந்தது. அது நீரிற் கரைவதில்லை. காரக் கரைசலில் சோடியம் இருதயோனைற்று என்னும் தாழ்த்தும் கருவி அதற்கு இலத்திரன்களை வழங்கும்போது மஞ்சள் சாயலுள்ள கரையும் வடிவமாக மாறி நூலினுள் புகுகின்றது. நூலை வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்தும்போது ஒட்சிசன் அவ்விலத்திரன்களைக் கவர்ந்துகொள்ள, நீலம் நூலிலேயே தங்கிவிடுகின்றது. ஒரு மூல் அவுரி நீலத்துக்கு இரண்டு மூல் இலத்திரன்கள் வேண்டும். ஒரு மூல் இருதயோனைற்று அவ்விரண்டையும் தரும். ஆகவே 262 கிராம் சாயத்துக்கு 174 கிராம் இருதயோனைற்றுப் போதுமானது என்று கணக்குக் கூறும். தொட்டியின் மேற்பரப்பிற் படும் காற்றும் தாழ்த்தும் கருவியைச் செலவழிப்பதால், செய்கையில் இதனினும் கூடுதலாகவே இடவேண்டியிருக்கின்றது.

இங்கு மூல் கணித்தல் தன் எல்லையை அடைகின்றது. எத்தனை இலத்திரன்கள் கைமாறின என்பதை அது கூறும். இலத்திரன் என்பது யாது, அது அணுவில் எங்குள்ளது, அதன் வரவினால் நிறம் ஏன் மாறவேண்டும் என்பவற்றை அது கூறாது. அவ்வினாக்களே அணு மாதிரிகளுக்கு வழிவகுத்தன.

அணுக்கள் உண்மையானவை என்பதற்குச் சான்று

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அணு ஒரு வசதியான கருதுகோளே என வாதிட்ட அறிஞர் பலர் இருந்தனர். 1890களில் மூல் என்ற அலகைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஒஸ்வால்ட்டே அணுக்களின் இருப்பை ஏற்காதிருந்தார். இந்த ஐயத்தைத் தீர்த்தது எண்ணிக்கையே. 1865இல் லொஷ்மிட் வாயுக்களின் இயக்கப் பண்புகளிலிருந்து மூலக்கூறுகளின் பருமனைக் கணித்தார். 1905இல் ஐன்ஸ்டைன், நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகளின் ஓயாத அசைவை மூலக்கூறுகளின் மோதலால் விளக்கினார். 1908 முதல் பெரின், கம்போஜ் பிசினின் நுண்மணிகளை நீரிற் பரப்பி, உயரத்துக்கு ஏற்ப அவற்றின் தொகை குறைவதை நுணுக்குக்காட்டியில் எண்ணி, ஏறத்தாழ 7 × 10²³ என்னும் பெறுமானத்தைப் பெற்று, அம்மாறிலிக்கு அவகாதரோவின் பெயரையும் சூட்டினார்.

வேறு இரு வழிகளும் ஏறத்தாழ அதே எண்ணுக்கே இட்டுச்சென்றன. ஒரு மூல் வெள்ளியை மின்பகுப்பால் படியச்செய்ய 96,485 கூலோம் மின்னேற்றம் வேண்டும் என்பது பரடேயின் விதிகளிலிருந்து பெறப்படுவது. மில்லிக்கனின் எண்ணெய்த்துளிப் பரிசோதனை அளந்த தனி இலத்திரனின் மின்னேற்றத்துக்குரிய இன்றைய பெறுமானமாகிய 1.602 × 10⁻¹⁹ கூலோமால் அதனை வகுத்தால் 6.02 × 10²³ கிடைக்கும். இரேடியம் உமிழும் அல்பாத் துணிக்கைகளை இரதபோட்டும் கைகரும் 1908இல் ஒவ்வொன்றாக எண்ணினர். அத்துணிக்கைகள் ஈலியமாகத் திரளும்போது எழும் வாயுக் கனவளவு 1911இல் அளக்கப்பட்டது. எண்ணப்பட்ட துணிக்கைகளையும் அளக்கப்பட்ட வாயுவையும் ஒப்பிட்டபோது மீண்டும் அதே மாறிலி வெளிப்பட்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத வழிகள் ஒரே எண்ணில் முடிந்தமையே அணுவின் இருப்பை ஐயத்துக்கு அப்பாற்படுத்தியது. ஒஸ்வால்ட்டும் 1909இல் தமது மறுப்பைக் கைவிட்டார்.

தொம்சன் முதல் இரதபோட் வரை

1897இல் தொம்சன், கதோட்டுக் கதிர்கள் மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைவதை அளந்து, அவை ஐதரசன் அணுவினும் மிகச் சிறிய திணிவுடைய மறையேற்றத் துணிக்கைகள் என்றும், எவ்வுலோகத்தைக் கதோட்டாக இட்டாலும் அவை மாறுவதில்லை என்றும் காட்டினார். பிளக்கமுடியாதது என்ற தாற்றனின் அணு இவ்வாறு பகுதிகளைக் கொண்டதாயிற்று. நேரேற்றம் ஒரு கோளம் முழுவதும் பரந்திருக்க, அதனுள் இலத்திரன்கள் பொதிந்துள்ளன என்பது 1904இல் அவர் அமைத்த மாதிரி.

அம்மாதிரி 1909இல் கைகரும் மார்ஸ்டனும் செய்த பரிசோதனையில் தோற்றது. மெல்லிய உலோகத் தகட்டின் மீது செலுத்தப்பட்ட அல்பாத் துணிக்கைகளுள் பெரும்பாலானவை நேரே ஊடுருவ, ஏறத்தாழ 8,000இல் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. பரந்துகிடக்கும் நேரேற்றத்தால் இத்தகைய தள்ளுகையை ஏற்படுத்த முடியாது. ஆதலால் 1911இல் இரதபோட், அணுவின் நேரேற்றம் முழுவதும், திணிவின் மிகப் பெரும்பகுதியும், அணுவின் விட்டத்தில் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு பங்கேயான ஒரு கருவில் அடங்கியுள்ளன என்று முடிவுசெய்தார். 1913இல் மோஸ்லி, மூலகங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்களிலிருந்து கருவின் ஏற்றத்தைக் கணித்து, அணுவெண்ணே மூலகத்தின் உண்மையான அடையாளம் என்பதை நிறுவினார். திணிவின்படி ஒழுங்கு பிறழ்ந்து நின்ற ஆகனும் பொற்றாசியமும், தெலூரியமும் அயடீனும் ஆவர்த்தன அட்டவணையில் ஏன் அவ்வாறே நிற்கவேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

இலங்கைக் கனிமங்களும் சமதானியும்

அணு பற்றிய இந்த வரலாற்றில் இலங்கையின் நிலமும் இடம்பெற்றிருக்கின்றது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைப் பணியின் தலைவராக இருந்தவர், பிற்காலத்தில் கலை வரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. பலாங்கொடைப் பகுதியிலிருந்து அக்காலத்தில் கண்டெடுக்கப்பட்ட கரிய பளிங்குகள் இலண்டனில் பகுக்கப்பட்டு, பெரும்பகுதி தோரியம் ஈரொட்சைட்டால் ஆன புதிய கனிமம் என அறியப்பட்டு, 1904இல் தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ரம்சேயின் ஆய்கூடத்தில் பணியாற்றிய ஓட்டோ ஹான், இவ்விலங்கைக் கனிமத்திலிருந்தே 1905இல் கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தார். புதிய மூலகம் எனக் கருதப்பட்ட அதனை எந்த இரசாயன முறையாலும் தோரியத்திலிருந்து பிரிக்க முடியாதென்பது பின்னர் வெளிப்பட்டது.

இரசாயன இயல்பில் ஒன்றாகவும் திணிவில் வேறாகவும் உள்ள இத்தகைய அணுக்களுக்கு 1913இல் சொடி சமதானி என்னும் கருத்தை வழங்கினார். அதனைச் சோதிக்கவும் இலங்கையே மூலப்பொருளைத் தந்தது. தோரியம் கதிர்த்தொழிற்பாட்டால் சிதைந்து ஈற்றில் ஈயமாகும். அவ்வீயம் சாதாரண ஈயத்தினும் பாரமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்த சொடி, 1914 முதல் இலங்கைத் தோரைற்றுக் கனிமத்திலிருந்து பிரித்த ஈயத்தை ஆராய்ந்தார். சாதாரண ஈயத்தின் சார் அணுத்திணிவு 207.2 ஆக இருக்க, இதன் பெறுமானம் ஏறத்தாழ 207.7 எனத் தெரியவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் றிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமங்களின் ஈயம் சாதாரண ஈயத்தினும் இலேசானது எனக் காட்டினார். ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே திணிவுடையன என்ற தாற்றனின் எடுகோள் இவற்றால் திருத்தப்பட்டது. தோரியம்-232 ஆறு அல்பாத் துணிக்கைகளை இழந்து, ஒவ்வொன்றும் 4 வீதம் 24 அலகு குறைந்து, ஈயம்-208 ஆகின்றது என்பதை இன்று பாடசாலை மாணவரும் கணிப்பர். கிழக்குக் கரையிலேயே புல்மோட்டைக் கனிமமணலில் இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கோன் ஆகியவற்றுடன் தோரியமுள்ள மொனசைற்றும் அடங்கியுள்ளது.

சமதானிகள் மூல் கணித்தலுக்கும் விளக்கம் தருகின்றன. குளோரீனின் சார் அணுத்திணிவு 35.45 என்னும் பின்னமாக இருப்பது ஏன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1919இல் அஸ்டன் அமைத்த திணிவு நிறமாலைமானி, குளோரீன் அணுக்களுள் ஏறத்தாழ முக்காற்பங்கு 35 என்னும் திணிவெண்ணையும் காற்பங்கு 37 என்னும் திணிவெண்ணையும் உடையவை எனக் காட்டியது. கல்முனைக் கிணற்று நீரின் குளோரைட்டைக் கணிக்கும்போது மாணவர் பிரதியிடும் 35.45 இவ்விரண்டின் நிறையிட்ட சராசரி. இச்சமதானிகளின் திணிவு வேற்றுமைக்குக் காரணமான நியூத்திரனை 1932இல் சட்விக் கண்டறிந்தார்.

போர் மாதிரியும் அதற்கு அப்பாலும்

கருவைச் சுற்றி ஓடும் இலத்திரன் சக்தியைக் கதிர்வீசி இழந்து கருவினுள் வீழ்ந்துவிடவேண்டும் என்பது பழைய பௌதிகவியலின் கூற்று. அணுக்கள் அவ்வாறு அழிவதில்லை. அன்றியும் ஐதரசன் தொடர்ச்சியான நிறமாலையை உமிழாமல் 656, 486, 434, 410 நனோமீற்றர் ஆகிய குறித்த அலைநீளங்களில் மட்டும் கட்புல ஒளியை உமிழ்கின்றது; இவற்றை 1885இல் பாமர் ஓர் எளிய சூத்திரத்தில் அடக்கியிருந்தார். 1913இல் நீல்ஸ் போர், இலத்திரன் குறித்த சக்திமட்டங்களில் மட்டுமே இருக்கமுடியும் என்றும், மட்டம் மாறும்போது இரு மட்டங்களின் சக்தி வேறுபாடே ஒளியாக வெளிப்படும் என்றும் கொண்டு அவ்வலைநீளங்களைக் கணித்துக் காட்டினார். தாழ்ந்த மட்டத்திலுள்ள இலத்திரனை ஐதரசன் அணுவிலிருந்து அகற்ற 13.6 இலத்திரன் வோல்ற்று வேண்டும். அதனை அவகாதரோ மாறிலியால் பெருக்கினால் மூலுக்கு 1,312 கிலோயூல் என்னும் அயனாக்கற் சக்தி பெறப்படும். தனியணுவின் மாதிரியும் மூல் கணித்தலும் இவ்விடத்தில் ஒரே சமன்பாட்டில் சந்திக்கின்றன.

அடுப்புச் சுவாலையில் உப்புப் பட்டதும் எழும் மஞ்சள் ஒளி சோடியம் அணுவின் ஈற்றோட்டு இலத்திரன் மேல்மட்டத்திலிருந்து இறங்குவதால் தோன்றுவது. அவ்வொளி 589.0, 589.6 நனோமீற்றர் என இரட்டைக் கோடாகப் பிரிந்திருப்பதைப் போர் மாதிரியால் விளக்க இயலவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இலத்திரன்களையுடைய அணுக்களின் நிறமாலைகளையும் அதனால் கணிக்க முடியவில்லை. 1924இல் டி புறொக்லி இலத்திரனுக்கு அலை இயல்பும் உண்டு என முன்மொழிய, 1926இல் ஷ்ரோடிங்கர் அவ்வலைக்குரிய சமன்பாட்டை அமைத்தார். இலத்திரனின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே திட்டமாக அறியமுடியாது என்பதை 1927இல் ஹைசன்பேர்க் காட்டினார். குறித்த பாதையில் சுற்றும் இலத்திரனின் இடத்தை, இலத்திரன் காணப்படக்கூடிய நிகழ்தகவு மிக்க வெளியாகிய ஒபிற்றல் பெற்றது. இலத்திரனின் சுழற்சி என்னும் பண்பே சோடியத்தின் இரட்டைக் கோட்டுக்குக் காரணம் எனவும் அறியப்பட்டது. அவுரி நீலம் இரண்டு இலத்திரன்களைப் பெற்றதும் நிறம் மாறுவது, மூலக்கூறு முழுவதும் பரந்த ஒபிற்றல்களின் சக்தி இடைவெளி மாறி, உறிஞ்சப்படும் ஒளியின் அலைநீளம் வேறுபடுவதால் ஆகும். சாயத்தொட்டி எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே முழுமை பெறுகின்றது.

கற்பித்தல் பற்றிய மதிப்பீடு

தமிழில் இரசாயனவியலைக் கற்பிக்கும் மரபு இலங்கையில் நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஷ் கிறீன் தமிழில் மருத்துவ, இரசாயன நூல்களை உருவாக்கினார். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று தேசிய கல்வி நிறுவகம் உயர்தர வளநூல்களைத் தமிழில் வழங்குகின்றது. ஆகவே குறை மொழியில் இல்லை. பாடங்கள் அடுக்கப்படும் முறையிலேயே உள்ளது.

மாணவரிடம் பரவலாகக் காணப்படும் பிழைகள் இதனை உறுதிசெய்கின்றன. சமன்பாட்டின் குணகங்களைத் திணிவு விகிதமாகக் கொள்வது, கன சென்ரிமீற்றரைக் கன தெசிமீற்றராக மாற்ற மறப்பது, எல்லைப்படுத்தும் தாக்கியைத் தேடாமலே விளைபொருளைக் கணிப்பது ஆகியவை, மூல் என்பது எண்ணிக்கை என்ற உணர்வின்றிச் சூத்திரத்தை மனனம் செய்வதால் நேர்பவை. அணுக்கட்டமைப்பில், போர் வரைந்த வட்டப்பாதைகளே அணுவின் உண்மை உருவம் என நம்புவதும், மாதிரிகளை ஆண்டுகளோடும் பெயர்களோடும் ஒப்புவிப்பதும், ஒவ்வொரு மாதிரியும் எந்தச் சான்றுக்கு விடையாக எழுந்தது என்பதை அறியாமையின் விளைவு. பழைய மாதிரி ஒன்று முற்றாகப் பயனற்றுப் போவதில்லை என்பதும் வலியுறுத்தப்பட வேண்டும். பசளைக் கணக்குக்குத் தாற்றனின் அணுவே போதுமானது. ஐதரசனின் நிறமாலைக்குப் போர் மாதிரி போதுமானது. சாயத்தின் நிறத்துக்கு ஒபிற்றல் வேண்டும். எந்த வினாவுக்கு எந்த மாதிரி போதும் என்று தெரிந்திருத்தலே விஞ்ஞான அறிவின் முதிர்ச்சி.

இதற்கு அம்பாறைக் கரையோரப் பாடசாலைகளில் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அளவி, குழாயி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஆகியன உள்ள ஆய்கூடத்தில், மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவந்து குளோரைட்டை நியமித்து, கடற்கரையிலிருந்து வயல்வரை அது மாறும் போக்கை வரைபடமாக்கலாம். பசளைப் பையில் அச்சிட்டுள்ள சதவீதத்தை மூலர்த் திணிவிலிருந்து தாமே பெறலாம். சோடியச் சுவாலையை நிறமாலைகாட்டியில் நோக்கிய பின்னர் போர் மாதிரியைக் கற்கலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அயலிலேயே இருப்பதால், அளவீடுகளைச் சரிபார்க்கும் துணையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

முடிவுரை

தராசில் நிறுத்தவற்றிலிருந்து விகிதமும், விகிதத்திலிருந்து அணுவும், அணுவிலிருந்து எண்ணிக்கையும், எண்ணிக்கையிலிருந்து அணுவின் உட்பகுதியும் எனத் தொடர்ந்த பயணத்தில் ஒவ்வொரு படியும் முந்திய படியின் அளவீட்டையே பற்றிநின்றது. மூல் கணித்தலை அணு மாதிரிகளிலிருந்து பிரித்துக் கற்பிக்கும்போது, முன்னது பொருளற்ற எண்கணிதமாகவும் பின்னது சான்றற்ற கதையாகவும் ஆகிவிடுகின்றது. இரண்டையும் இணைத்து, தம் ஊரின் நீரையும் பசளையையும் சாயத்தையும் அளந்து கற்கும் மாணவர், தேர்வில் பெறும் புள்ளிக்கு அப்பால், தம் மக்களின் குடிநீரையும் விளைச்சலையும் பற்றிய கூற்றுகளைத் தாமே சோதிக்கவல்ல குடிமக்களாவர். கல்முனைப் பிரதேசத்தின் ஆசிரியர்கள் இப்பணியை அடுத்த தவணையின் முதற் செய்முறை வகுப்பிலேயே, ஒரு கிணற்றின் நீரைக்கொண்டு தொடங்கவேண்டும்.